இடக்கை முடிச்சு

திண்டுக்கல் பேகம்பூருக்குள் நுழைந்து பள்ளிவாசலைத் தாண்டித் திரும்பினால் இரண்டு சந்துகள் முதுகோடு முதுகு ஒட்டியபடி போகும். ஒன்றில் ஜெய்தூன் பீவி வீடு, மற்றதில் கண்ணம்மாள் வீடு. இரண்டுக்கும் கொல்லைச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்து முப்பது வருசமாகிறது. ஆம்பளைகள் பூசுகிறேன் பூசுகிறேன் என்று வந்தார்கள், இரண்டு பெண்களும் சேர்ந்து விரட்டிவிட்டார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த ஓட்டை வழியாக ஒரு முழம் மல்லிகை அந்தப் பக்கம் போகும். அங்கிருந்து ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வரும். தால்சாவோ, கத்தரிக்காய் வெஞ்சனமோ, நோன்பு மாதமானால் கஞ்சியோ.

கண்ணம்மாளுக்குப் பூக்கட்டுகிற வேலை. காலையில் பூமார்க்கெட்டில் மொட்டு எடுத்து, ஈரச்சாக்கில் கொட்டி, ஊறவைத்த வாழைநாரைப் பல்லில் கடித்துக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டாள். அந்தப் பக்கம் இரண்டு பூ, இந்தப் பக்கம் இரண்டு பூ, ஒரு முடிச்சு. அதற்குக் கண்ணி என்று பெயர். பூக்கட்டுகிற பெண்கள் எல்லோரும் நாரை வலக்கையால் சுற்றுவார்கள், முடிச்சு வலப்பக்கம் விழும். கண்ணம்மாளுக்கு ஏழு வயதில் சோளத்தட்டை வெட்டும்போது வலக்கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. அதிலிருந்து அவள் இடக்கையால் சுற்றுகிறாள், முடிச்சு இடப்பக்கம் விழும். சரத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பூவை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

புருசன் வேலுசாமி போய்ப் பன்னிரண்டு வருசம். அன்றைக்கே அவள் தலையில் பூ வைப்பது நின்றுபோனது. "நீ கட்டு, உனக்கும் சேத்து நான் வச்சுக்கறேன்" என்று சொன்னவள் ஜெய்தூன்.

இந்த இரண்டு பேருக்கும் அந்த வட்டாரத்தில் 'சிஐடி அக்காமாரு' என்று பட்டம். எதைத் தொலைத்தாலும் முதலில் இங்கே வந்து சொல்லிவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போவார்கள். ஜெய்தூன் இருந்த இடத்தில் இருந்து யோசிப்பாள். கண்ணம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ரொனால்டு வாத்தியாரின் சைக்கிள் காணாமல் போனபோது நடந்ததை மட்டும் சொல்கிறேன் கண்ணுகளா, மற்றதெல்லாம் அதே மாதிரிதான்.

"வாத்தியாரு சைக்கிளு கேரியர்ல கயிறு யாரு கட்டுனது?" என்று ஜெய்தூன் ஓட்டை வழியாகக் கேட்டாள்.

"அவரேதான். நோட்டுக்கட்டு வச்சுக் கட்டுவாரு. மூணு சுத்து சுத்தி அடியில கொண்டாந்து பின்னல் மாதிரி போடுவாரு."

"அப்பச் சரி. திருடுனவன் பெயிண்ட் அடிப்பான், சீட்ட மாத்துவான். கயிறை அவுக்க அவனுக்குத் தோணாது. அது உதவுமேன்னு விட்ருவான். நீ போயி கேரியரை மட்டும் பாரு, வண்டியப் பாக்காத."

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழைய இரும்புக் கடை வாசலில், நீலப் பெயிண்ட் அடித்த சைக்கிள் ஒன்றின் கேரியரில் அந்தப் பின்னலைக் கண்ணம்மாள் பார்த்துவிட்டாள். வாத்தியார் ஒரு டசன் பன்னும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"பெயிண்ட மாத்தலாம்டி. கைய மாத்த முடியுமா?" என்றாள் ஜெய்தூன். அன்றைக்கு இரண்டு பேரும் பன்னைத் தின்றுகொண்டு சிரித்த சிரிப்பில், சேக் பரீது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, கமிசனர் வேலைக்கு எழுதிப் போட்டுறவா?" என்றார்.

சேக் பரீது ஜெய்தூனின் வீட்டுக்காரர், பண்டாரி. கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிறவரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆயிரம் பேர் சமையல் என்றாலும் அரிசியை ஒரே ஒரு தரம் கிள்ளிப் பார்ப்பார், அவ்வளவுதான். தேக்சாவின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓட்டை வழியாக, "ஏலே சிவா, வாடா அப்பு" என்று கூப்பிடுவார். கண்ணம்மாளின் மகன் சிவபிரகாஷ் அந்தக் காந்தலைத் தின்று வளர்ந்தவன். அவரை மாமா என்பான், ஜெய்தூனை அத்தை என்பான்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலம். வடமதுரையில் ஒரு நிக்காஹ். சேக் பரீது கரண்டியைச் சாக்கில் சுற்றி டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வடமதுரை ரோட்டில் புளியமர வளைவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. அரைமணி நேரம் கழித்துப் பால்காரர் ஒருவர் பார்த்து ஆம்புலன்சுக்குச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே நினைவில்லை. மூன்றாம் நாள் மவுத்தாகிவிட்டார்.

நம்பர் தெரியாத வண்டி என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். மகன் அப்துல் ஹாதி துபாயிலிருந்து வந்து மண் தள்ளினான். பதினைந்து நாள் ஸ்டேஷனுக்கு நடந்து பார்த்துவிட்டு, இத்தா முடியும்போது வருகிறேன் என்று திரும்பிப் போனான். ஜெய்தூன், புருசனை இழந்தவள் இருக்கிற இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள். வாசல்படி தாண்டக்கூடாது, வெளி ஆம்பளைகள் முகம் பார்க்கக்கூடாது. வாசலில் பச்சைத் துணியில் ஒரு திரை தொங்கியது. துணைக்குத் தங்கை மகள் ருக்சானா வந்து இருந்தாள்.

பூ வாங்க அந்தப் பக்கம் தலை இல்லை. கண்ணம்மாள் நாலரை மணிக்கு வெறுங்கையோடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார ஆரம்பித்தாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள் ஜெய்தூன் ஒரு பேரீச்சம்பழ டப்பாவை எடுத்து வைத்தாள்.

"இதத் திறந்து பாரு. பால்காரத் தம்பி நேத்து வந்து ருக்சானாகிட்டக் குடுத்துட்டுப் போனுச்சு. அவுக டிவிஎஸ்சு ஹேண்டில்ல சிக்கியிருந்துச்சாம். குப்பைன்னு யாரோ வழிச்சு எறிஞ்சாகளாம். அந்தத் தம்பிதான் மனசு கேக்காம எடுத்து வச்சிருக்கு."

கண்ணம்மாள் திறந்தாள். ஒரு சாண் நீளத்துக்கு அறுந்த மாலை. காய்ந்த செவ்வந்தி, கறுத்துப்போன சம்பங்கி. ஐந்து கண்ணிக்கு ஒருதரம் ஒரு கொத்து மரிக்கொழுந்து. மரிக்கொழுந்து காய்ந்தாலும் வாசம் போகாது. மூடியைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்து அவள் முகத்தில் பட்டது.

வண்டி மாலையில் மரிக்கொழுந்து வைத்துக் கட்ட யாருக்கும் கட்டுப்படியாகாது. அவள் ஒரே ஒரு மாலையில்தான் வைப்பாள். வெள்ளிக்கிழமைக்கென்று வியாழன் சாயங்காலமே மகனுடைய குட்டியானை லோடு வண்டிக்குக் கட்டிவிடுகிற மாலையில். வேலுசாமிக்குப் பிடித்த வாசம் என்று வைப்பாள்.

சரத்தைத் திருப்பினாள். முடிச்சு இடப்பக்கம் இருந்தது.

"யாரு கைடி அது?" என்றாள் ஜெய்தூன்.

கண்ணம்மாள் சரத்தை மறுபடியும் டப்பாவில் வைத்தாள். "தெரியலயே."

"உனக்குத் தெரியாத கையா? மார்க்கெட்டுல கட்டுற அம்புட்டுப் பேரு முடிச்சும் உனக்கு அத்துப்படியாச்சே."

"காஞ்சு கருவாடாக் கெடக்கு. வெளிச்சம் வேற பத்தல."

"சரி, கொண்டுபோயி வெளிச்சத்துல பாரு. வேணாம், டப்பா இங்கயே இருக்கட்டும். நீ மனசுல வச்சுக்க. நான் இத்தாவுல கெடக்கேன். இன்னும் மூணு மாசத்துக்கு நீதான்டி எனக்குக் காலு."

"கண்டுபிடிச்சு என்னடி செய்யப் போற?"

ஜெய்தூன் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். கையில் வளையல் இல்லாததால் அவள் கை அசைந்தாலும் சத்தம் வரவில்லை.

"அவுக வாயி வறண்டு கெடந்துச்சாம். நர்சம்மா சொல்லுச்சு, உதடு வெடிச்சிருந்துச்சுன்னு. ஊரு பூராத்துக்கும் ஆக்கிப்போட்ட மனுசன். அந்த அரைமணி நேரத்துல அவுக தண்ணி கேட்டாகளா? யாராச்சும் ஒரு வாய் குடுத்தாகளா? எனக்கு அது தெரியணும். அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல கண்ணம்மா."

வீட்டுக்கு வரும் வழியில் கண்ணம்மாளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை வண்டி மாலை இல்லாமல் வந்தது. கேட்டதற்கு, "ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல மாடு இழுத்துருச்சும்மா" என்றான். இரண்டு முகவிளக்கில் ஒன்று புதுசாகப் பளபளத்தது. லாரியிலிருந்து கல் தெறித்தது என்றான். மாமா ஜனாஸாவுக்கு ஊரே திரண்டபோது இவன் மட்டும் தக்காளி லோடு இருக்கிறது என்று போய்விட்டான். முப்பது வருசமாக யார் வீட்டுத் துப்பையெல்லாமோ துலக்கியவளுக்குத் தன் வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பார்க்கத் தெரியவில்லை.

சிவபிரகாஷ் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். மருமகள் பவித்ரா ஏழு மாதம், உள்ளே படுத்திருந்தாள்.

"வைகாசி வெள்ளிக்கிழமை மாலையை இழுத்தது எந்த மாடுடா?" என்று கண்ணம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

அவன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. பிறகு செங்கல் ஓட்டையைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டு நாளாத் தூங்கலம்மா. அய்யலூர்ல லோடு ஏத்திட்டு வந்தேன். வளைவுல கண்ணு செருகிருச்சு. டம்முன்னு சத்தம். நாயின்னு நெனச்சுக்கிட்டேன். கருக்கல்ல ஒன்னும் தெரியல. நிக்கல. மத்தியானம் நீ அழுதுக்கிட்டே போன் பண்ணயே, அப்பத்தான் தெரியும்."

"பாவி."

"நானே போயிச் சொல்லிர்றேன்மா."

அவள் அவனைப் பார்த்தாள். உள்ளே பவித்ரா புரண்டு படுத்து, "அத்தே, செத்த தண்ணி குடுங்களேன்" என்றாள்.

"போகாத" என்றாள் கண்ணம்மாள். "புள்ள பொறக்கட்டும்." அவள் வாய் அதைச் சொன்னது. சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு மிச்ச ஆனியும் ஆடி முழுக்கவும் கண்ணம்மாள் துப்பு விசாரித்தாள். ஜெய்தூன் சொல்லிச் சொல்லி அனுப்புவாள். இன்றைக்கு மார்க்கெட் தெற்கு வரிசை, நாளைக்கு வடக்கு வரிசை, தாடிக்கொம்பு ரோட்டில் மாலை கட்டுகிறவர்கள். கண்ணம்மாள் போவாள். பெண்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடிப்பாள். ஆடி வெள்ளிக்குப் பூ விலை ஏறியதைப் பேசுவாள். ஒரு முடிச்சையும் திருப்பிப் பார்க்காமல் எழுந்து வருவாள்.

"அவளுக யாரும் இல்லடி."

"தெய்வானை கை?"

"அவ இறுக்கிப் போடுவா. இது தளர்வால்ல இருக்கு."

"சரி. அப்பறம்?"

இந்த 'அப்பறம்' என்ற சொல் வந்ததும் கண்ணம்மாள் திரையின் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆடிக்காற்று பழனி மலைப் பக்கமிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்து திரையை வீட்டுக்குள் விசிறி அடிக்கும். ருக்சானா எழுந்து அதைப் பிடித்துக் கல் வைப்பாள். அந்தச் சந்தடியில் ஒரு பதிலைத் தயார் பண்ணிக்கொள்வாள் கண்ணம்மாள். ஒருநாள் அப்படித்தான் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"பழனிப் பக்கத்துக் கையா இருக்குமோன்னு தோணுது. கீரனூர்ல இப்பிடிக் கட்டுவாளுகன்னு கேள்வி."

"அப்பப் போயிப் பாத்துட்டு வாயேன். வாசப்படி தாண்ட முடிஞ்சா நானே வந்திருவேன்."

போகத்தான் வேண்டியிருந்தது. பழனிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கீரனூருக்கு ஒரு பஸ். காவடிக் கூட்டத்தில் நின்றுகொண்டே போனாள். கீரனூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு பூக்காரப் பெண் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் நிழலில் போய் உட்கார்ந்தாள். சும்மா இருக்கக் கை விடவில்லை. ஒரு பிடி அரளியை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

பூக்காரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்கக்கா, எந்தூருங்க நீங்க?"

"திண்டுக்கல்லு."

"முடிச்ச இடப்பக்கமாப் போடறீங்ளே. நானும் இருவது வருசமாக் கட்டறனுங்க, இப்புடியொரு கையப் பாத்ததில்லீங்க. நூறு சரத்துல கலந்து போட்டாலும் உங்கள்த எடுத்துக் குடுத்துருவனுங்க."

கண்ணம்மாள் கையிலிருந்த சரத்தை அப்படியே கூடையில் போட்டாள்.

"ஏனுங்க, கோவமுங்களா? நல்லாத்தானுங்க சொன்னேன்."

"கோவமில்ல தாயி. தலை சுத்துது."

அந்தப் பெண் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். கண்ணம்மாள் வாங்கினாள். குடிக்க முடியவில்லை. முகத்தில் அடித்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"இல்லடி, அங்கயும் இல்ல" என்று சாயங்காலம் வந்து சொன்னாள்.

ஜெய்தூன் அவளுடைய வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்துவைத்து எண்ணெய் தடவினாள். "இம்புட்டுத் தூரம் அலைஞ்சிருக்கயே" என்றாள். 

ஆவணியில் பவித்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஓட்டை வழியாக ஒரு கிண்ணம் வந்தது. பசுநெய்யில் கிளறிய பூண்டு லேகியம். "பச்சை உடம்புக்காரிக்குக் காலையில வெறும் வயித்துல ஒரு உருண்டை குடு" என்று குரல் வந்தது. "புள்ள யாரு சாடை? சிவா மூக்கா?"

"அவன் மூக்குதான்."

"அவனை ஏன் நான் பாக்கவே இல்ல? வாசல்ல நின்னு ஒரு வார்த்தை அத்தேன்னு கூப்பிட்டுட்டுப் போகக்கூடவா நேரமில்ல?"

"லோடு, லோடுன்னு அலையறான்டி."

அவன் அலையவில்லை. வடமதுரை ரோட்டுப் பக்கம் வண்டியை எடுப்பதே இல்லை. தாடி வளர்ந்துவிட்டது. குழந்தையைத் தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். பவித்ரா அதை நினைத்து அழுதாள், பெண் பிள்ளை என்று பிடிக்கவில்லை போல என்று. அவளிடம் என்ன சொல்வது? கண்ணம்மாள் லேகியத்தை உருட்டி மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, விரலில் ஒட்டியதை நக்கவும் முடியாமல் கழுவவும் முடியாமல் நிற்பாள்.

புரட்டாசி பிறந்தது. ஆயுத பூசை வந்தது. அந்த நாளில்தான் ஜெய்தூனின் இத்தாவும் முடிகிறது, சாயங்கால அஸர் தொழுகைக்கு. திண்டுக்கல்லில் எத்தனை வண்டி உண்டோ அத்தனைக்கும் அன்றைக்கு மாலை வேண்டும். முதல்நாள் கண்ணம்மாள் வீட்டு முற்றத்தில் செவ்வந்தி மூட்டை மூன்று. வந்தவர்கள் எல்லோரும், "அக்கா, பெரிசா, முன்னாடி கண்ணாடி மறையாம" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாற்பது மாலை கட்டினாள். நாற்பத்தொன்றாவதற்கு மரிக்கொழுந்தை எடுத்தாள். எடுத்த கை மேற்கொண்டு போகவில்லை.

பூவையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். சந்தைச் சுற்றிப் போய்த் திரையை விலக்கினாள். ஜெய்தூன் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். ருக்சானா அடுப்படியில் இருந்தாள்.

"ஜெய்த்து, அது என் கைடி."

தஸ்பீஹ் நின்றது.

"தெரியும்" என்றாள் ஜெய்தூன்.

"எப்பலருந்து?"

"உன்கிட்டக் குடுக்கறதுக்கு முந்தியே. முப்பது வருசமா நீ கட்டுனதத் தலையில வச்சு, ராவுல அவுத்துப் போட்டவ நான். எனக்குக் கண்ணுலதான்டி பொரை விழுந்திருக்கு. விரல்லயா விழுந்திருக்கு? மரிக்கொழுந்து நீ சிவா வண்டிக்கு மட்டுந்தான வைப்ப."

கண்ணம்மாள் சுவரோரமாக உட்கார்ந்தாள். "பொறவு எதுக்குடி என்னைக் கீரனூரு வரைக்கும் அலையவிட்ட?"

"நீ சொல்லிருவேன்னுதான். நாலு நாள்ல சொல்லிருவ, ஆடிக்குள்ள சொல்லிருவன்னு உக்காந்திருந்தேன். நீ என்னடான்னா பொய்யாச் சொல்லிச் சொல்லிப் பழகிட்ட. தெய்வானை இறுக்கிப் போடுவாளாம்ல! எனக்கு உன்னையக் கழுத்தப் புடிச்சு நெரிக்கணும் போல இருந்துச்சு. ஒருநாளு ஹாதிக்குப் போன் போட்டுட்டேன். மணி அடிக்குது. அப்பப் பாத்து நீ ஓட்டையில, ஏ ஜெய்த்து, என்னடி ஆக்குனன்னு கூப்பிடற. நீயும் இல்லேன்னா இந்தச் செவுத்துக்குள்ள நான் யாருகூடப் பேசறது? போனை வச்சுட்டேன்."

"லேகியம் குடுத்தயேடி."

"பச்சைப் புள்ளை என்ன பண்ணுச்சு?"

இரண்டு பேரும் அழவில்லை. அழுதால் ருக்சானா வந்துவிடுவாள். ஜெய்தூனே சொன்னாள், "நாம பாத்த கேசுலயே இதுதான் சுருக்கா முடிஞ்ச கேசு. மொத நாளே முடிஞ்சுபோச்சு." சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது.

"நான் என்னடி செய்யட்டும், சொல்லு. நீ என்ன சொன்னாலும் செய்யறேன்."

"எனக்குத் தெரிஞ்சா மூணு மாசம் இந்த டப்பாவ மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனா? ஹாதி நாளைக்கு மத்தியானம் எறங்கறான். வந்ததும் ஸ்டேஷனுக்குப் போவோம்னு நிப்பான். அவங்கிட்டப் பொய் சொல்ல எனக்கு வராது. அவங்க அத்தா அது." டப்பாவை எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள், பிறகு அந்தப் பக்கம் வைத்தாள். "காலையில சிவாவ வரச்சொல்லு. நான் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கேன். அவன் அந்தப் பக்கம் நிக்கட்டும். அவங்கிட்ட ஒன்னே ஒன்னுதான் கேக்கணும்."

மறுநாள் காலை ஊரெல்லாம் பூசணிக்காய் உடைகிற சத்தம். ஒவ்வொரு சந்திலும் வண்டிகள் குளித்துப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு நின்றன. எல்லாவற்றின் நெற்றியிலும் கண்ணம்மாள் கட்டிய மாலை. சிவபிரகாஷின் வண்டி மட்டும் மொட்டையாக நின்றது. அவன் தாயின் பின்னால் நடந்து வந்தான். செருப்புப் போடவில்லை. திரைக்கு முன்னால் வந்ததும் எங்கே நிற்பது என்று தெரியாமல், சின்ன வயதில் காந்தலுக்கு உட்காருகிற அந்தப் படிக்குப் பக்கத்தில் தரையில் குந்தினான்.

"அத்தே."

திரைக்குப் பின்னால் ஒரு மூச்சு இழுபட்டது. "சொல்லு. மறைக்காமச் சொல்லு."

"வளைவுல கண்ணு செருகிருச்சு அத்தே. சத்தங்கேட்டு நிப்பாட்டி எறங்குனேன். போன் வெளிச்சத்துல பாத்தா மாமா."

கண்ணம்மாள் திரும்பி மகனைப் பார்த்தாள். அவளிடம் நிற்கவே இல்லை என்றுதானே சொன்னான்?

"முழிச்சிருந்தாகளா?"

"முழிச்சிருந்தாரு. என்னையப் பாத்தாரு. 'சிவா, நீயா அப்பு'ன்னாரு."

திரை அசைந்தது. காற்று இல்லை. உள்ளேயிருந்து ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"வேற என்ன சொன்னாக?"

"தண்ணி கேட்டாரு."

"குடுத்தியா?"

அவன் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். அங்கிருந்து குரல் வந்தது. "வண்டியில பாட்டில் இருந்துச்சு அத்தே. எடுத்தாறேன் மாமான்னு சொல்லிட்டுத்தான் போனேன். சீட்டுல ஏறி பாட்டில எடுத்தேன். வேற யாராச்சும்னா குடுத்திருப்பேன். தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே போயிருப்பேன். மாமா மொகத்தப் பாத்துக் குடுக்க முடியல. பாட்டில மடியில வச்சுக்கிட்டே வண்டிய எடுத்துட்டேன்."

கண்ணம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துச் சந்தில் யாரோ வண்டியின் ஹாரனை அடித்துப் பூசையை முடித்தார்கள். நீளமாக அடித்தார்கள்.

 உள்ளே பானை மூடி எடுபடுகிற சத்தம். தண்ணீர் மொள்ளுகிற சத்தம். திரையின் அடியில் ஒரு கை வந்தது. வளையல் இல்லாத கை. எவர்சில்வர் டம்ளரைத் தரையில் வைத்து, அவன் பக்கமாகத் தள்ளியது. தள்ளியதில் கொஞ்சம் சிந்தியது.

"குடி" என்றாள் ஜெய்தூன்.

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"குடிச்சிட்டுப் போ. ஸ்டேஷன் தூரம். வெயிலு ஏறிருச்சு."

இரண்டு கையாலும் எடுத்தான். முதல் வாய் தாடியில் வழிந்தது. அப்புறம் விழுங்கினான்.  முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைத் திரைக்கு அடியில் திருப்பி வைத்தான். எழுந்தான். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தின் வழியே நடக்க ஆரம்பித்தான், மாலை போட்ட வண்டிகளுக்கு நடுவில்.

"போயிட்டானா?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டது.

"போறான்டி."

"நீயும் கூடப் போ. ஒத்தையில போறான்."

"நீ?"

"எனக்கு அஸர் வரைக்கும் இருக்கு. நான் எங்கிட்டுப் போறது?"

சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் உடைந்தது. நாலு மாதம் பத்து நாளாக ஜெய்தூன் வாய்விட்டு அழுததை யாரும் கேட்டதில்லை. இப்போது திரைக்குப் பின்னால் அது வந்தது. முதலில் இருமல் மாதிரி, பிறகு அடியிலிருந்து. ருக்சானா, "பெரியம்மா, பெரியம்மா" என்று ஓடிவந்தாள்.

சந்து முனையில் சிவபிரகாஷ் திரும்பிக்கொண்டிருந்தான். இன்னும் நாலு எட்டு வைத்தால் கண்ணுக்கு மறைந்துவிடுவான். கண்ணம்மாள் ஒரு காலைத் தெருவில் வைத்தாள். மறுகால் படியில்தான் இருந்தது. அழுகை பெரிதாகிக்கொண்டே போனது. எந்தக் காலை எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய இடக்கை மட்டும் தன்பாட்டுக்கு முந்தானை நுனியைச் சுற்றி முடிச்சுப் போட்டது, அவிழ்த்தது, மறுபடியும் அதே பக்கம் போட்டது.